இன்டர்ஃபெரான் போன வழி

இன்டர்ஃபெரான் முதன்முதலில் மனிதர் கண்ணில் பட்டது அடைகாத்த கோழி முட்டையில். லண்டனின் வடக்கு ஓரத்தில், மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், 1956ஆம் ஆண்டு அலிக் ஐசக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஜான் லிண்டன்மன் என்ற சுவிஸ் இளைஞரும் ஒரு பழைய புதிரைக் கையில் எடுத்தார்கள். ஒரு வைரஸ் புகுந்த செல்லில் இன்னொரு வைரஸ் எளிதில் நுழைவதில்லை. ஏன்? முட்டைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வைத் துண்டு போட்டு, சூடாக்கிச் செயலிழக்க வைத்த இன்ஃப்ளுயன்சா வைரஸோடு சேர்த்து ஊற வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளின் மேல் விட்டார்கள். அந்தப் புதிய துண்டுகளில் உயிருள்ள வைரஸ் வளரவில்லை. திரவத்தில் ஏதோ இருந்தது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்து, 1957இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்கள்.

இன்று நாம் அறிந்தவரை இன்டர்ஃபெரான் ஊர்த் தண்டோரா போடும் ஆளைப் போன்றது. வைரஸ் தாக்கிய செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போனாலும் இந்தப் புரதத்தை வெளியே அனுப்பி வைக்கிறது. பக்கத்துச் செல்கள் சேதி கேட்டுக் கதவை அடைக்கின்றன. வெள்ளணுக்கள் ஆயுதம் எடுக்கின்றன. உடலுக்குள் அழற்சி என்று நாம் சொல்லும் பெரும் கிளர்ச்சியின் முதல் அறிவிப்புகளில் ஒன்று இது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது இருக்கிறதா என்பதே உறுதியாகத் தெரியவில்லை. சோதனைக் குழாயில் கிடைத்த அளவு அவ்வளவு சொற்பம். சக விஞ்ஞானிகள் சிலர் அதற்குக் கேலிப் பெயர்கள் வைத்தார்கள். விஞ்ஞானிகளைவிடப் படக்கதைக்காரர்கள்தான் முந்திக்கொண்டு நம்பினார்கள்: 1960இல் ஃப்ளாஷ் கார்டன் கதையில் வேற்றுக்கிரக வைரஸ் தாக்கிய விண்வெளி வீரர்களை இன்டர்ஃபெரான் ஊசி காப்பாற்றுகிறது. ஐசக்ஸ் 1967இல் 45 வயதில் இறந்துபோனார். தான் கண்டுபிடித்த பொருள் மருந்தானதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஊர் ஹெல்சிங்கி. கரி கன்டெல் என்ற பின்லாந்து வைரஸ் ஆய்வாளர், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மக்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து, பயன்படாமல் ஒதுக்கப்படும் வெள்ளணுக்களை வாங்கிக்கொண்டார். அவற்றின்மேல் செண்டாய் என்ற எலி வைரஸை ஏவினார். வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்தன, அதைப் பிரித்தெடுத்தார். எவ்வளவு பாடுபட்டுச் சுத்திகரித்தாலும் கடைசியில் கையில் வந்த சரக்கில் இன்டர்ஃபெரான் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சமெல்லாம் வேறு புரதங்கள். ஆனாலும் 1970களில் உலகம் முழுக்க மனிதர்களுக்குச் செலுத்தப்பட்ட இன்டர்ஃபெரானில் பெரும்பகுதி இந்தச் சின்ன நாட்டிலிருந்துதான் போயிற்று. ஸ்டாக்ஹோமில் ஹன்ஸ் ஸ்ட்ராண்டர் அதை எலும்புப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. சேதி அட்லாண்டிக்கைத் தாண்டியதும் ஆரவாரம் ஆரம்பித்தது. 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இன்டர்ஃபெரான் வாங்குவதற்கென்றே 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1980 மார்ச்சில் டைம் இதழின் அட்டையில் இன்டர்ஃபெரான் வந்தது.

ஊசி போட்டவர்களுக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வந்தன. உடம்பு முறித்துப்போட்டது, சோறு வேண்டாம் என்றது. மருத்துவர்கள் கவலைப்படவில்லை. மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு கசடுதானே, அதன் வேலையாக இருக்கும் என்று நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான்.

அந்த நினைப்பைத் தகர்த்தது சூரிச். அங்கே சார்ல்ஸ் வைஸ்மனின் குழு மனித இன்டர்ஃபெரானின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அதைக்கொண்டே இன்டர்ஃபெரானைச் செய்ய வைத்தது. 1980 ஜனவரியில் இது அறிவிக்கப்பட்டது. இனி ரத்ததானம் வேண்டாம்; தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்தால் போதும். 1980களின் தொடக்கத்தில் இந்தச் சுத்தமான இன்டர்ஃபெரானை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதே குளிர், அதே காய்ச்சல், அதே சோர்வு. கசடு குற்றவாளி இல்லை. ஃப்ளு காய்ச்சலில் நம்மைப் படுக்க வைப்பது வைரஸ் மட்டுமில்லை, அதை எதிர்க்க உடம்பே சுரக்கும் பொருள்களும்தான் என்பது இங்கே அம்பலமாயிற்று. இன்டர்ஃபெரானின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் திருப்பங்களில் இது முதலாவது. நோய் இல்லாமலே நோயாளியாக இருப்பதன் அனுபவத்தை ஊசியில் அடைத்துக் கொடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. இதன் அர்த்தம் முழுதாகப் புரிய இன்னும் இருபது வருடம் பிடித்தது.

புற்றுநோயில் வாக்களித்த அற்புதம் நடக்கவில்லை. 1986இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது ஓர் அரிய வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். ஆனால் அதே ஆண்டு பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவர்கள், காரணம் தெரியாத ஒரு கல்லீரல் அழற்சியால் அவதிப்பட்ட பத்துப் பேருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள். அந்த நோய்க்கு அப்போது சொந்தப் பெயரே கிடையாது. ‘ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை’ என்பதுதான் பெயர். 1989இல் வைரஸ் பிடிபட்டது, ஹெபடைடிஸ் சி ஆயிற்று. 1991இல் இன்டர்ஃபெரான் அதன் அதிகாரபூர்வ மருந்தாயிற்று. வாரம் மூன்று முறை தொடையிலோ வயிற்றிலோ தானே குத்திக்கொள்ள வேண்டும். பிற்பாடு ரிபாவிரின் மாத்திரை கூடச் சேர்ந்தது. வாரம் ஒரே ஊசி போதும் என்கிற அளவுக்கு மருந்தும் திருத்தப்பட்டது. வைரஸின் ரகத்தைப் பொறுத்து 24 வாரம் அல்லது 48 வாரம்.

இந்த நோயின் தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் சி உள்ள பலருக்கு வருடக்கணக்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். ரத்தப் பரிசோதனை சொன்ன பிறகுதான் நோயாளி ஆவார்கள். அப்படி நடமாடிக்கொண்டிருந்தவர்களைத்தான் இந்த ஊசி படுக்கையில் தள்ளியது. முதல் சில வாரம் காய்ச்சலும் அலுப்பும். அது பழகிவிடும். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் வாக்கில் வேறொன்று வரும். சின்ன விஷயத்துக்கு எரிச்சல், காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, படித்தது மண்டையில் ஏறாமை. சிலருக்கு உயிரோடு இருப்பதே பாரம். 1987இல் அதே பெதஸ்டா மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள்: இன்டர்ஃபெரான் எடுத்த 58 கல்லீரல் நோயாளிகளில் 10 பேருக்கு மனநிலை குலைந்திருந்தது. டோஸைக் குறைத்ததும் தேற ஆரம்பித்தார்கள்.

பெரிய நோய் வந்தவர் துவண்டுபோவதில் என்ன அதிசயம் என்று கேட்டு இதைக் கடந்து போவது எளிது. மருத்துவ உலகம் கணிசமான காலம் அப்படித்தான் கடந்து போயிற்று. பக்க விளைவுகள் பட்டியலில் முடி உதிர்தலுக்கும் எடை குறைதலுக்கும் நடுவே மனச்சோர்வும் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது.

இதே காலத்தில், இன்டர்ஃபெரானோடு தொடர்பே இல்லாத இடங்களில், வேறு சிலர் அக்கம்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கலிஃபோர்னியக் கால்நடை மருத்துவர், நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பதும் தீனி மறுப்பதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவதும் பலவீனத்தின் விளைவு மட்டுமல்ல, காய்ச்சலுக்கு வேண்டிய சக்தியைச் சேமிக்க உடம்பு வகுத்த ஏற்பாடு என்று வாதிட்டார். மாடு வளர்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். பிரான்சின் போர்டோவில் ராபர்ட் டான்சரின் குழு, அழற்சியைக் கிளப்பும் பொருள்களை வயிற்றில் செலுத்திய எலிகள் சக எலியைக்கூட முகராமல் ஒதுங்குவதைக் காட்டியது. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பை முன்கூட்டியே வெட்டிவிட்டால் அந்த ஒதுக்கம் குறைந்தது. பெல்ஜிய மனநல மருத்துவர் மைக்கேல் மேஸ், மனச்சோர்வுள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருப்பதை 1990களின் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார்.

ஆனால் மேஸின் கண்டுபிடிப்பில் கோழியா முட்டையா என்ற சிக்கல் இருந்தது. அழற்சியால் மனம் சோர்ந்ததா, சோர்ந்த மனத்தால் அழற்சி கூடியதா? மனச்சோர்வுள்ளவர் சரியாகத் தூங்குவதில்லை, நடப்பதில்லை, எடை போடுகிறார், சிலர் அதிகம் புகைக்கிறார்கள்; இவை ஒவ்வொன்றும் தனியாகவே அழற்சியைக் கூட்டும். ரத்தத்தை எத்தனை முறை சோதித்தாலும் எது முன்னால் வந்தது என்று அந்த ரத்தம் சொல்லாது. இன்டர்ஃபெரான் ஊசிக்கு மட்டும் ஒரு தேதி இருந்தது. இன்ன நாள் வரை இவர் நன்றாக இருந்தார், இன்ன நாள் முதல் ஊசி போட்டோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. பக்க விளைவு என்று ஒதுக்கப்பட்ட தொல்லையே, அழற்சி மனச்சோர்வை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த மிக நேரடியான சோதனையாக மாறிற்று. அதைச் சோதனையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள்.

அங்கே ஆண்ட்ரூ மில்லரும் டொமினிக் மஸல்மனும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் டோஸ் மிகக் கடுமை. முதல் மாதம் வாரத்தில் ஐந்து நாள் நரம்பு வழியாகவே ஏற்றுவார்கள். நாற்பது பேர். பாதிப் பேருக்கு ஊசி ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பராக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை. மறு பாதிக்கு வெறும் போலி மாத்திரை. முடிவு 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. போலி மாத்திரை எடுத்த 20 பேரில் 9 பேருக்குப் பெருமனச்சோர்வு. பராக்சிடின் தரப்பில் கணக்கில் வந்த 18 பேரில் 2 பேருக்கு மட்டும். இரு தரப்புக்கும் அதே புற்றுநோய், அதே சாவு பயம், அதே ஊசி. வெறும் நோய்க் கவலைதான் காரணம் என்ற பழைய பதில் இதற்குப் பிறகு பலமிழந்தது.

அந்த ஆய்வின் தரவுகளை அதே குழுவைச் சேர்ந்த லூசில் கப்யூரோன் துழாவியபோது இன்னும் நுட்பமான ஒன்று கிடைத்தது. இன்டர்ஃபெரான் உண்டாக்குவது ஒரே துயரம் இல்லை, இரண்டு. முதல் இரண்டு வாரத்திலேயே வரும் அலுப்பு, பசியின்மை, உடல் மந்தம் ஒரு வகை. இது ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது, பராக்சிடினுக்கு மசிவதில்லை. பிந்தி வரும் துக்கம், பதற்றம், கவனக் குலைவு இன்னொரு வகை. இது சிலருக்கு மட்டும் வருகிறது. இதைத்தான் பராக்சிடின் தடுத்தது. மனச்சோர்வு என்ற ஒரே பெயரின் கீழ் நாம் எத்தனை வெவ்வேறு சங்கதிகளைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிட்டு அழுகை நின்றுவிட்டது, ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லை என்று சொல்லும் நோயாளியை அவர் வீட்டார் சோம்பேறி என்கிறார்கள். அவருக்கு நின்றது ஒன்று, நிற்காதது வேறொன்று.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் சில தடங்களைக் கண்டார்கள். நம் உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான், மூளையில் சேதி கடத்தும் செரடோனின் உருவாகிறது. அழற்சி கிளம்பினால் ஒரு நொதி முடுக்கப்பட்டு, டிரிப்டோஃபனைக் கைனூரெனின் என்ற வேறு பொருளின் பக்கம் திருப்பிவிடுகிறது. இன்டர்ஃபெரான் எடுத்த ஹெபடைடிஸ் நோயாளிகளின் தண்டுவட நீரில் கைனூரெனினும், அதிலிருந்து வரும், நரம்புகளுக்கு ஒவ்வாத குயினாலினிக் அமிலமும் கூடியிருந்தன. இன்னொரு தடம், அதேபோலச் சேதி கடத்தும் டோபமின். ஜெயித்தால் காசு என்று ஒரு சின்னச் சூதாட்டத்தை ஆட வைத்து மூளையைப் படமெடுத்தார்கள். ஜெயிக்கும் தருணத்தில் துள்ள வேண்டிய பகுதி, இன்டர்ஃபெரான் எடுத்தவர்களிடம் மந்தமாக இருந்தது. அங்கே டோபமினும் வழக்கம்போலச் செயல்படவில்லை. பரிசு கிடைத்தும் மகிழத் தெரியாத நிலையை 2012இல் படத்திலேயே பார்த்தார்கள்.

ஆனால் காய்ச்சல் பெரும்பாலோருக்கு வந்ததுபோல் துக்கம் வரவில்லை. கடுமையான டோஸிலும் பாதிப் பேர் தப்பினார்கள். ஹெபடைடிஸ் டோஸில் இன்னும் அதிகம் பேர். இது ஏன் என்பதுதான் எனக்கு மொத்தக் கதையின் மையம். முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் யாருக்கு அழுத்த ஹார்மோன்கள் மிகையாகச் சீறி எழுந்தனவோ அவர்களில்தான் பிற்பாடு மனச்சோர்வு அதிகம் கண்டது என்று கப்யூரோன் குழு காட்டியது. ஊசிக்கு முன்னாலேயே லேசான மனச்சோர்வின் அறிகுறி இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். தீப்பொறி எல்லோர் மேலும் விழுந்தது, பற்றிக்கொண்டது சிலரிடம்தான்.

இங்கேதான் ஓர் எதிர்க்கேள்வி எழுந்தது. அழற்சியை ஏற்றினால் மனம் சோர்கிறது. அப்படியானால் இறக்கினால் தேறுமா? அதே எமரியில் சார்ல்ஸ் ரெய்சனும் மில்லரும், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றினார்கள். மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் கொடுக்கப்படுவது அது. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்துக் கட்டும். 2013இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் போலி மருந்தை அது வெல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களில், அதாவது ஏற்கெனவே அழற்சி உள்ளவர்களில், மருந்து எடுத்த 13 பேரில் 8 பேர் தேறினார்கள். போலி எடுத்த 9 பேரில் 3 பேர். அழற்சி குறைவாக இருந்தவர்களுக்கோ போலி மருந்தே மேலாக இருந்தது.

இந்த எண்களைச் செய்திகளில் சதவீதமாக மாற்றி எழுதும்போது கம்பீரமாகத் தெரியும். பதின்மூன்று பேர், ஒன்பது பேர் என்று எழுதினால்தான் எவ்வளவு மெல்லிய கிளையில் நிற்கிறோம் என்பது புரியும். புள்ளியியல் கணக்கிலும் அந்த வித்தியாசம் தற்செயலைத் தாண்டவில்லை. பிறகு வந்த வேறு அழற்சி எதிர்ப்பு மருந்துகளின் சோதனைகளும் சில கைகொடுத்தன, சில கைவிட்டன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வுள்ளவர்களில் சி-ரியாக்டிவ் புரதம் 3 மில்லிகிராமைத் தாண்டியவர்கள் சுமார் 27 சதவீதம் என்று 2019இல் கணக்கு வந்தது. மீதி முக்கால் பங்குப் பேரிடம் அந்த அளவுக்கு அழற்சி இல்லை. மனச்சோர்வு என்றாலே அழற்சிதான், தினம் மஞ்சள் பால் குடித்தால் போய்விடும் என்று காணொளி போடுகிறவர்கள் இந்த முக்கால் பங்கைப் பற்றி வாய் திறப்பதில்லை. கால் பங்கைப் பற்றியும் அவர்கள் சோதித்துச் சொன்னது ஒன்றும் கிடையாது.

இன்டர்ஃபெரானுக்கு வருவோம். மனச்சோர்வைத் தூண்டும் என்று தெரிந்த பிறகு அதன் சேதம் வேறு விதமாகவும் பரவியது. ஏற்கெனவே தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு ஹெபடைடிஸ் சி வந்தால் ஊசி மறுக்கப்பட்டது. 1997இல் அமெரிக்க வல்லுநர் குழுவின் வழிகாட்டலே பெருமனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சை வேண்டாம் என்றது. எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் அதன் பொருள், மனம் நலிந்தவர்கள் கல்லீரலும் கெட்டுப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற ஹெபடைடிஸ் சி மாத்திரை அனுமதி பெற்றபோது இந்தக் கதவு திறந்தது. சில ஆண்டுகளில் ஊசியே இல்லாமல், தினம் மாத்திரை, பெரும்பாலோருக்கு மூன்று மாதம், நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணம் என்றாயிற்று. இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று அதை மலிவாகச் செய்தன. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹெபடைடிஸ் சி சிகிச்சையிலிருந்து கல்லீரல் மருத்துவர்கள் இன்டர்ஃபெரானை வழியனுப்பியதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

வருத்தம் இருந்தால் அது ஆய்வாளர்களுக்குத்தான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மனித உடம்பில் அழற்சியை வேண்டுமென்றே மூட்டி வைக்கும் வாய்ப்பு இனி வராது, வரவும் கூடாது. ஆரோக்கியமானவர்களுக்கு மிகச் சிறிதளவு பாக்டீரிய நச்சைக் கொடுத்துச் சில மணி நேர மனநிலை மாற்றத்தை அளக்கிறார்கள். மியூனிக்கில் 20 இளைஞர்களிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வு அந்த வகையில் முன்னோடி. ஆனால் மாலையில் வந்து காலையில் போகும் சோர்வுக்கும் மூன்றாம் மாதம் வந்து உட்கார்ந்துகொள்ளும் சோர்வுக்கும் தூரம் அதிகம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கார்மீன் பரியான்டேயின் குழு, இன்டர்ஃபெரான் எடுத்த கடைசித் தலைமுறை ஹெபடைடிஸ் நோயாளிகளில் 55 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஊசி முடிந்து ஆறு மாதமான பிறகும் 18 பேருக்கு அலுப்பு விடவில்லை; அவர்களின் ரத்தத்தில் அழற்சி அதற்குள் மற்றவர்கள் அளவுக்கு அடங்கியிருந்தது. அழற்சி அடங்கிய பிறகும் அதன் விளைவு மட்டும் தங்கிப் போகலாம் என்ற இந்தச் சேதி 2019இல் அச்சானது. அடுத்த ஆண்டே கோவிட் வந்து, குணமாகியும் எழ முடியாதவர்கள் உலகெங்கும் பெருகியபோது அந்தச் சேதிக்குக் கனம் கூடியது.

இன்டர்ஃபெரான் செத்துப் போகவில்லை. 2021 நவம்பரில் அதன் புதிய வடிவம் ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது: எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் பாலிசைதீமியா வெரா என்ற நோய்க்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. பழைய மருந்தைவிட உடம்பு இதை நன்றாகத் தாங்கிக்கொள்கிறது என்கிறார்கள். அதன் சீட்டில் கட்டம் போட்டு அச்சிட்ட எச்சரிக்கையில், உயிருக்கு ஆபத்தான பின்விளைவுகளின் வரிசையில் மனநிலைக் கோளாறு முதல் வரியிலேயே இருக்கிறது. தீவிர மனநோய், குறிப்பாகத் தற்கொலை எண்ணம், இருந்தால் கொடுக்க வேண்டாம் என்கிறது உள்ளே. ஆகவே ரத்தநோய் மருத்துவர் ஊசியை எழுதுவதற்கு முன்னால், தூக்கம் எப்படி, முன்பு எப்போதாவது மனம் சோர்ந்து கிடந்ததுண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது மறுபடியும் கேட்க வேண்டும்.